படுக்கையோர மானிட்டரில் சீரற்ற இதயத் துடிப்பைக் கண்காணித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் மானிட்டரைப் பற்றிப் புதிதாகப் பணியில் சேர்ந்த செவிலியர்கள் கேட்கும் கேள்விகளும், நோயாளியின் உறவினர்கள் கேட்கும் கேள்விகளும் இங்கே ஒன்றாகவே தொகுக்கப்பட்டுள்ளன. இரு தரப்பினரும் பெரும்பாலும் ஒரே ஐயத்தைத்தான் வேறு வேறு சொற்களில் எழுப்புகிறார்கள்: திரையில் தெரிவதை எந்த அளவுக்கு நம்பலாம்?

திரையில் ஓடும் இசிஜி கோடு எதைக் காட்டுகிறது?

இதயத் தசையில் பரவும் மின்சாரத்தைக் காட்டுகிறது. வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவில் தோன்றும் மின்தூண்டல் மேலறைகளில் பரவும்போது சிறிய பி அலையும், கீழறைகளில் பரவும்போது கூர்மையான கியூ.ஆர்.எஸ். வடிவமும், கீழறைகள் மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்பும்போது டி அலையும் உருவாகின்றன. திரையில் கோடு வழக்கமாக வினாடிக்கு 25 மி.மீ. வேகத்தில் நகரும், ஒரு மில்லிவோல்ட் மின்னழுத்தம் 10 மி.மீ. உயரமாகத் தெரியும்.

இதயம் இரத்தத்தை வெளியே தள்ளுகிறதா என்பதை இந்தக் கோடு காட்டாது. மின்சாரம் ஒழுங்காகப் பரவியும் தசை போதிய வலுவுடன் சுருங்காத நிலை உண்டு. அப்போது திரையில் அழகான அலைகள் ஓடிக்கொண்டிருக்கும், கழுத்தில் விரல் வைத்தால் நாடி இருக்காது. இந்த நிலையில் இசிஜியின் துடிப்பு எண்ணிக்கைக்கான அலாரம் ஒலிக்காமலே போகலாம் என்பதால், பக்கத்தில் ஓடும் ஆக்சிஜன் செறிவின் அலையையும், இரத்த அழுத்தத்தையும், எல்லாவற்றுக்கும் முதலாக நோயாளியின் முகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

துடிப்பு சீராக இல்லை என்பதைக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் அது கியூ.ஆர்.எஸ். வடிவங்களைத் தேடுகிறது. அலை எவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்குகிறது என்பதைக் கணக்கிட்டு, மெதுவாக எழும் பி, டி அலைகளிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறது. பான், டாம்கின்ஸ் ஆகிய இருவர் 1985இல் வெளியிட்ட கணக்கீட்டு முறை இந்தத் துறையில் இன்றும் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. இத்தகைய முறைகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதிப்பதற்கு, 47 பேரிடமிருந்து எடுக்கப்பட்ட அரைமணி நேரப் பதிவுகள் 48 அடங்கிய எம்.ஐ.டி. – பி.ஐ.எச். தரவுத் தொகுப்பு 1980 முதல் பயன்பட்டு வருகிறது.

அடுத்தடுத்த இரண்டு கியூ.ஆர்.எஸ். வடிவங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து, பல துடிப்புகளின் சராசரியைத்தான் கருவி இதயத் துடிப்பு எண்ணாகக் காட்டுகிறது. ஆகவே துடிப்பு திடீரென மாறினால் எண் சற்றுப் பின்தங்கியே வரும். அதோடு, அந்த நோயாளிக்கு வழக்கமான துடிப்பின் வடிவம் எது என்பதையும் கருவி தொடக்கத்திலேயே கற்று, ஒரு மாதிரியாக வைத்துக்கொள்கிறது. பிறகு வரும் ஒவ்வொரு துடிப்பையும் அந்த மாதிரியோடு ஒப்பிட்டு, வரவேண்டிய நேரத்துக்கு முன்பே அகலமான வேறு வடிவத்தில் ஒன்று வந்தால் அதைக் கீழறையிலிருந்து கிளம்பிய மிகைத்துடிப்பு, அதாவது பி.வி.சி., என்று குறிக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று இப்படி வந்தால் பைஜெமினி. இரண்டு இயல்பான துடிப்புகளுக்கு ஒன்றாக வந்தால் டிரைஜெமினி. மூன்றோ அதற்கு மேலோ தொடர்ந்தாற்போல் நிமிடத்துக்கு 100க்கு மேற்பட்ட வேகத்தில் வந்தால் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, வார்டு வழக்கில் வி.டி. அது 30 வினாடிகளுக்கு மேல் நீடித்தால் நீடித்த வி.டி. என்று வகைப்படுத்தப்படுகிறது.

ஆக, பெரும்பாலான மானிட்டர்கள் பார்ப்பவை இரண்டே: நேரம், வடிவம். பி அலை இருக்கிறதா, அது கியூ.ஆர்.எஸ். வடிவத்தோடு தொடர்புடையதா என்று ஒரு மருத்துவர் பார்ப்பதுபோல அவை நம்பகமாகப் பார்ப்பதில்லை. கருவியின் தவறுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எலெக்ட்ரோடுகளை எங்கே, எப்படி ஒட்ட வேண்டும்?

நோயாளியைத் தயார் செய்யும் இந்தச் சில நிமிட வேலையில் காட்டும் அக்கறை, பின்னர் மணிக்கணக்கில் கேட்கப்போகும் பொய்யான அலாரங்களைக் குறைக்கும். ஒட்டும் இடத்தில் முடி அடர்த்தியாக இருந்தால் அதைக் கத்தரித்துவிட்டு, சோப்பும் நீரும் கொண்டு தோலைச் சுத்தம் செய்து, நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். ஸ்பிரிட்டால் மட்டும் துடைப்பது பலருக்கும் பழக்கம். அது தோலை வறளச் செய்வதால் மின்தடை கூடுமே தவிரக் குறையாது. உலர்ந்த துணியால் லேசாகத் தேய்த்து மேல்தோலின் இறந்த செல்களை அகற்றினால் சமிக்ஞை தெளிவாகக் கிடைக்கும். எலெக்ட்ரோடின் நடுவில் உள்ள ஜெல் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்துகிடந்த பாக்கெட்டில் காய்ந்துபோன எலெக்ட்ரோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஒழுங்காகக் கடத்தாது. நாள்தோறும் ஒரு முறை புதிய எலெக்ட்ரோடு மாற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

ஐந்து வயர் கொண்ட கேபிளில் இரண்டு எலெக்ட்ரோடுகள் வலது, இடது காரை எலும்புகளுக்குக் கீழேயும், இரண்டு விலாக்கூட்டின் அடியில் வலப்புறமும் இடப்புறமும், ஒன்று மார்பிலும் ஒட்டப்படுகின்றன. மூன்று வயர் கேபிளில் வலத் தோள், இடத் தோள், இடக் கால் ஆகியவை மட்டும் இருக்கும் (கால் என்று பெயர் இருந்தாலும் ஒட்டுவது விலாக்கூட்டின் அடியில்தான்). எலும்பின் மேலும், அதிகம் அசையும் தசையின் மேலும், டிஃபிப்ரிலேட்டர் எனப்படும் மின்னதிர்ச்சிக் கருவியின் பேட் ஒட்ட வேண்டிய இடத்திலும் ஒட்டக் கூடாது.

நிறங்களில் கவனம் தேவை. உலகில் இரண்டு நிறமுறைகள் புழக்கத்தில் உள்ளன. ஐ.இ.சி. எனப்படும் சர்வதேச முறையில் வலக் கை சிவப்பு, இடக் கை மஞ்சள், இடக் கால் பச்சை, வலக் கால் கறுப்பு, மார்பு வெள்ளை. ஏ.எச்.ஏ. எனப்படும் அமெரிக்க முறையில் வலக் கை வெள்ளை, இடக் கை கறுப்பு, இடக் கால் சிவப்பு, வலக் கால் பச்சை, மார்பு பழுப்பு. சிவப்பு வயர் ஒரு முறையில் வலத் தோளுக்கும் மற்றொன்றில் இடக் காலுக்கும் போகிறது என்பதால், ஒரே பிரிவில் இரு வகைக் கேபிள்களும் கலந்திருந்தால் நிறத்தை நினைவில் வைத்து ஒட்டாமல், கேபிளில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்து ஒட்டுவதே பாதுகாப்பு.

எந்த லீடைத் திரையில் வைப்பது?

எலெக்ட்ரோடுகள் வழியே இதயத்தின் மின்சாரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு கோணமும் ஒரு லீட். பி அலை தெளிவாகவும் கியூ.ஆர்.எஸ். உயரமாகவும் தெரிவதால் இரண்டாம் லீட் வழக்கமாக முதலில் வைக்கப்படுகிறது. ஐந்து வயர் இருந்தால் மார்பு எலெக்ட்ரோடை மார்பெலும்பின் வலது ஓரத்தில், நான்காவது விலா இடைவெளியில் ஒட்டி வி1 லீடையும் சேர்த்துக் காட்டச் செய்வது மிகவும் பயன் தரும். அகலமான கியூ.ஆர்.எஸ். வடிவங்களுடன் வேகமான துடிப்பு வரும்போது, அது கீழறையிலிருந்து வருகிறதா, மேலிருந்து வந்து வழியில் தடைபட்டு அகலமானதா என்பதைப் பிரித்தறிய இரண்டாம் லீட் பெரிதும் உதவாது, வி1 உதவும். மார்பு எலெக்ட்ரோடை இடம் தள்ளி ஒட்டினால் அந்தப் பயன் போய்விடும் என்பதால் விலா இடைவெளிகளை விரலால் எண்ணிப் பார்த்தே ஒட்ட வேண்டும்.

எந்த அலாரத்துக்கு உடனே ஓட வேண்டும்?

சிவப்பு அலாரத்துக்கு. சர்வதேசத் தரநிலைப்படி, உயர் முன்னுரிமை அலாரம் சிவப்பு விளக்கு வேகமாக மின்னுவதாலும், நடுத்தர முன்னுரிமை அலாரம் மஞ்சள் விளக்கு மெதுவாக மின்னுவதாலும் அடையாளம் காணப்படும். இதயத் துடிப்பு அடியோடு நின்றுபோன அசிஸ்டோல், கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் அல்லது வி.எஃப்., வி.டி., மிகக் குறைந்த துடிப்பு, மிக அதிகத் துடிப்பு ஆகியவை வழக்கமாகச் சிவப்பு வகையைச் சேர்ந்தவை. பல கருவிகளில் ஏறத்தாழ 4 வினாடிகள் ஒரு கியூ.ஆர்.எஸ். வடிவமும் வராவிட்டால் அசிஸ்டோல் என அறிவிப்பு வரும்.

அலாரம் ஒலித்ததும் செல்ல வேண்டிய இடம் கட்டில். நோயாளிக்கு நினைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை, நாடி இல்லை என்றால், அந்த அலாரம் சரியா என்று திரையில் ஆராய்ந்துகொண்டிராமல் உதவிக்கு அழைத்து மார்பழுத்தத்தைத் தொடங்கிவிட வேண்டும். இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது: நோயாளி பேசிக்கொண்டிருக்கிறார் என்பதாலேயே வி.டி. அலாரத்தைப் பொய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையான வி.டி. இருக்கும்போதும் சிலருக்கு இரத்த அழுத்தம் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். அவர்கள் பேசுவார்கள், தண்ணீர்கூடக் கேட்பார்கள். அப்போது கிடைக்கும் அந்தக் கால அவகாசத்தில் மருத்துவரை அழைத்து, பன்னிரண்டு லீட் இசிஜி எடுத்து, டிஃபிப்ரிலேட்டரைக் கட்டில் அருகே கொண்டுவந்துவிட வேண்டும்.

கோடு நேராகிவிட்டால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளா?

பெரும்பாலும் ஒரு வயர் கழன்றிருக்கும். திரையில் லீட் ஆஃப் என்ற செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஆக்சிஜன் செறிவின் அலை சீராக ஓடிக்கொண்டிருந்தால் இதயம் துடிக்கிறது என்று பொருள். கியூ.ஆர்.எஸ். வடிவம் மிகச் சிறியதாக இருக்கும் நோயாளிகளிடமும் கருவி அதைக் கவனிக்கத் தவறி அசிஸ்டோல் என அறிவிப்பதுண்டு. லீடை மாற்றிப் பார்ப்பதே அதற்கு வழி. திரையில் மட்டும் அலையின் உயரத்தைப் பெரிதாக்கினால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியுமே ஒழிய, பல கருவிகளில் கணக்கீடு மாறுவதில்லை.

பல் துலக்கும்போது வி.டி. அலாரம் வருவது ஏன்?

கை அசைவதால் எலெக்ட்ரோடும் தோலும் ஒன்றையொன்று உரசி எழும் மின்சத்தம், அகலமான வேகமான அலைகளைப் போலவே தோன்றும். குளிர் நடுக்கம், பார்க்கின்சன் நோயின் கைநடுக்கம், நெஞ்சுத் தட்டல் சிகிச்சை ஆகியவையும் இத்தகைய தோற்றத்தை உண்டாக்கும். அச்செடுத்த பட்டையில் அந்தக் குழப்பமான அலைகளுக்கு நடுவே இயல்பான கியூ.ஆர்.எஸ். முனைகள் பழைய இடைவெளி மாறாமல் வரிசையாகத் தெரிகின்றனவா என்று தேடிப் பார்த்தால் உண்மை விளங்கும். மற்றொரு லீடில் கோடு தெளிவாக இருப்பதும், தமனியில் நேரடியாக அளக்கும் அழுத்த அலை குலையாமல் இருப்பதும் அதே முடிவுக்குத்தான் இட்டுச்செல்லும். கோடு முழுவதும் தடித்து, ரம்பப் பல் போலச் சீராக அதிர்ந்தால் அது மின்சார வலையமைப்பின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் குறுக்கீடு. எலெக்ட்ரோடுகளை மாற்றிவிட்டு, அருகில் உள்ள மின்கருவிகளின் வயர்களை விலக்கிப் பார்க்க வேண்டும்.

இசிஜி 80 என்றும் விரல் கிளிப் 40 என்றும் காட்டுகின்றன. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். பைஜெமினியில் முன்கூட்டியே வரும் துடிப்பின்போது கீழறை நிரம்பியிருக்காததால், அந்தச் சுருக்கம் விரல்நுனி வரை நாடியாக வந்து சேர்வதில்லை. மின்துடிப்பு 80, நாடி 40. மேலறைகள் ஒழுங்கின்றி அதிரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனிலும் இத்தகைய நாடிக் குறைவு உண்டு. ஆனால் உயரமான டி அலையைக் கருவி இன்னொரு துடிப்பாக எண்ணிவிட்டாலும் எண் சரியாக இரட்டிப்பாகும். கருவி ஒவ்வொரு துடிப்பின் மேலும் இடும் குறியைத் திரையில் காட்டச் செய்தால், அது எதை எண்ணுகிறது என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கருவி நம்பகமாகக் காட்டுமா?

ஓரளவுக்கு. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் அதிரும் இந்நிலையில், கீழறைத் துடிப்புகளின் இடைவெளி எந்த ஒழுங்கும் இன்றி மாறிக்கொண்டே இருக்கும். கருவி முதன்மையாக அந்த ஒழுங்கின்மையையே தேடுகிறது. அதனால் மிகைத்துடிப்புகள் அடிக்கடி வரும் ஒருவரிடமோ, மூச்சோடு சேர்ந்து துடிப்பு இயல்பாகவே ஏறி இறங்கும் இளைஞரிடமோ அது தவறாக ஒலிக்கலாம். ஃபிப்ரிலேஷன் இருந்தும் பேஸ்மேக்கர் கீழறையைச் சீராகத் துடிக்க வைத்திருந்தால் ஒலிக்காமலும் இருக்கலாம். மேலறைகள் மிக வேகமாக, ஆனால் ஒழுங்காகத் துடிக்கும் ஏட்ரியல் ஃப்ளட்டரில் இரண்டு மேலறைத் துடிப்புகளுக்கு ஒரு கீழறைத் துடிப்பு என்று சீராகக் கடத்தப்படும்போது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 என்ற எண் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். அலாரம் இல்லாவிட்டாலும் அந்த அசையாமையே ஐயப்படப் போதுமான காரணம். உறுதிசெய்வதற்குப் பன்னிரண்டு லீட் இசிஜி வேண்டும்.

பேஸ்மேக்கர் பொருத்திய நோயாளியிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

கருவியின் அமைப்பில் பேஸ்மேக்கர் உண்டு என்பதைப் பதிவு செய்வதே முதல் வேலை. அப்போதுதான் பேஸ்மேக்கரின் மின்முனைகளைப் பிரித்தறிந்து, துடிப்பு எண்ணிக்கையிலிருந்து அவற்றை ஒதுக்கும். அதைச் செய்யாவிட்டால், இதயம் நின்ற பிறகும் தொடர்ந்து வரும் மின்முனைகளையே கருவி துடிப்புகளாக எண்ணி, அசிஸ்டோல் அலாரம் ஒலிக்காமலே போகக்கூடும். பதிவு செய்திருந்தாலும் இந்த அபாயம் முற்றிலும் நீங்குவதில்லை என்பதால், இத்தகைய நோயாளிகளிடம் எண்ணை மட்டும் நம்பாமல் நாடியையும் தவறாமல் பார்க்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மானிட்டர் மூச்சு எண்ணிக்கையை அதே இசிஜி எலெக்ட்ரோடுகள் வழியாக நுண்ணிய மின்சாரம் செலுத்தி, மார்பின் மின்தடை மாறுவதைக் கொண்டு அளக்கிறது. மூச்சின் அளவை இதே வகையில் உணர்ந்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சில பேஸ்மேக்கர்கள், மானிட்டரின் மின்சாரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு துடிப்பைத் தேவையின்றி உயர்த்திவிடும். படுத்திருக்கும் நோயாளிக்குக் காரணமில்லாமல் பேஸ்மேக்கர் வேகம் கூடினால், மானிட்டரில் மூச்சு அளவீட்டை நிறுத்திப் பார்ப்பது எளிய சோதனை.

மீண்டும் கற்றல் என்ற பொத்தானை எப்போது அழுத்துவது?

எலெக்ட்ரோடு மாற்றிய பிறகும், நோயாளியின் இயல்பான வடிவமே மாறிய பிறகும், கருவி இயல்பான துடிப்புகளைத் திரும்பத் திரும்ப மிகைத்துடிப்பு என்று குறிக்கும்போதும் அழுத்தலாம். வி.டி. ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் அழுத்தவே கூடாது. கருவி அதையே இயல்பு என்று கற்றுக்கொண்டுவிடும். அதன் பிறகு வரும் ஆபத்தைச் சொல்லாது.

ஃபில்டர் எதற்கு?

தேவையற்ற மின்சத்தத்தை வடிகட்டுவதற்கு. கண்காணிப்பு நிலையில் ஏறத்தாழ 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளையும், நோயறிதல் நிலையில் 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளையும் கருவி அனுமதிக்கிறது. முதலாவதில் கோடு அமைதியாக ஓடும், ஆனால் கியூ.ஆர்.எஸ். வடிவத்துக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட எஸ்.டி. பகுதி உருமாறக்கூடும். துடிப்பின் ஒழுங்கைப் பார்க்க அது போதும். மாரடைப்பைத் தேட அந்தத் திரையை நம்பக் கூடாது.

கியூ.டி. இடைவெளியை ஏன் அடிக்கடி குறிக்கச் சொல்கிறார்கள்?

கியூ.ஆர்.எஸ். வடிவம் தொடங்குவது முதல் டி அலை முடிவது வரையிலான நேரமே கியூ.டி. இடைவெளி. அமியோடரோன், சோடலால், ஹாலோபெரிடால், எரித்ரோமைசின், மெத்தடோன் போன்ற மருந்துகள் கியூ.டி. இடைவெளியை நீட்டக்கூடியவை. இரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்திருந்தால் ஆபத்து கூடும். துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய இடைவெளி 500 மில்லி வினாடியைத் தாண்டினால், டோர்சாட் டி பாயின்ட் என்னும் வி.டி. வகை தோன்றும் வாய்ப்பு கணிசமாக உயர்கிறது. அலைகளின் முனைகள் கோட்டைச் சுற்றி முறுக்கிக்கொள்வதுபோலத் தெரியும் இதைப் பிரெஞ்சு மருத்துவர் டெசெர்ட்டென் 1966இல் விவரித்தார். ஒரு மிகைத்துடிப்பு, அதன் பின் நீண்ட இடைவெளி, அடுத்த துடிப்பில் வடிவம் மாறிய டி அலை என்ற வரிசை திரும்பத் திரும்ப வந்தால், அலாரத்துக்குக் காத்திராமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே லீடில் அளந்தால்தான் நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட முடியும்.

இவ்வளவு பொய் அலாரங்கள் வந்தால் யார்தான் கவனிப்பார்கள்?

நியாயமான கேள்வி. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், 77 தீவிர சிகிச்சைக் கட்டில்களில் 31 நாட்களில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட அலாரங்கள் பதிவாயின. காதில் ஒலித்தவை மட்டும் கட்டிலுக்கு நாளொன்றுக்கு 187. ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த 12,671 துடிப்பு ஒழுங்கின்மை அலாரங்களில் 88.8 விழுக்காடு பொய்யானவை. இத்தனை ஒலிகளுக்கு நடுவே காது மரத்துப்போவதைப் பணியாளரின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

செய்யக்கூடியது என்னவென்றால், வரம்புகளை நோயாளிக்கு ஏற்ப மாற்றுவது. உறக்கத்தில் இயல்பாகவே 45க்கு இறங்கும் ஒருவருக்குக் கீழ்வரம்பை 50இல் வைத்தால் இரவெல்லாம் அலாரம் ஒலிக்கும். நீண்டகால ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவரிடம் துடிப்பு ஒழுங்கற்றது என்று கருவி நிமிடந்தோறும் நினைவூட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. மருத்துவரின் ஒப்புதலுடன் அந்த ஒன்றை அணைத்துவிடலாம். கீழறைகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கிளைகளில் ஒன்று தடைபட்ட, அதாவது கிளைக்கற்றைத் தடை உள்ளவர்களிடம் இயல்பான துடிப்பே அகலமாக இருப்பதால் பொய்யான வி.டி. அறிவிப்புகள் மிகுதி, அங்கே லீடை மாற்றுவது உதவும். சிவப்பு வகை அலாரங்களை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது.

குழந்தைகளுக்கு அதே அமைப்பு போதுமா?

போதாது. பிறந்த குழந்தையின் துடிப்பு 100 முதல் 160 வரை இயல்பாகவே இருக்கும்; கியூ.ஆர்.எஸ். வடிவமும் குறுகியது. பெரியவர், குழந்தை, பச்சிளங்குழந்தை என்ற பிரிவைச் சரியாகத் தெரிவு செய்தால்தான் கருவியின் கணக்கீடும் வரம்புகளும் பொருந்தும்.

உறவினர்கள் அலாரத்தை நிறுத்தலாமா?

கூடாது. ஒலியை நிறுத்தும் பொத்தான் பல கருவிகளில் ஓரிரு நிமிடங்களுக்கு அடுத்து வரும் ஒலிகளையும் சேர்த்தே அடக்கிவிடும். அந்த இடைவெளியில் வருவது உண்மையான அலாரமாக இருக்கலாம். செவிலியர் உடனே ஓடி வராதது கவனமின்மை என்று கொள்ள வேண்டியதில்லை. அவருடைய மேசையில் உள்ள மைய மானிட்டரிலும் அதே கோடு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அலாரம் ஒலிக்கும்போது நோயாளிக்கு மயக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் தயங்காமல் உரக்க அழையுங்கள். எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒருவர் எழுந்து உட்கார்ந்தாலே எண் இருபது கூடும்.

ஒரு நோயாளி போய் இன்னொருவர் அதே கட்டிலுக்கு வந்தால்?

முன்னவரை மானிட்டரிலிருந்து முறையாக டிஸ்சார்ஜ் செய்துவிட்டுப் புதியவரைப் பதிவு செய்ய வேண்டும். வயரை மட்டும் மாற்றிப் பொருத்தினால், முன்னவருக்காகத் தளர்த்தி வைத்த வரம்புகளும், அணைத்து வைத்த அலாரங்களும், பேஸ்மேக்கர் அமைப்பும், கற்றுவைத்த துடிப்பு மாதிரியும் அப்படியே புதியவருக்கும் தொடரும். அதோடு நினைவகத்தில் இருக்கும் பழைய அலைப் பதிவுகள் புதியவருடையவை என்று எண்ணப்பட்டு, அவருக்கு இல்லாத நோய்க்கு மருந்து எழுதப்படும் அபாயமும் உண்டு.